செம்மண் மேட்டுக் காடுகளில் ஈரமும் சத்துச் சுழற்சியும்: கடலூர், புதுச்சேரி வட்டாரத்தில் ஓராண்டு அளந்து அறிய ஒரு முழுமையான வழிகாட்டி

கடலூரை ஒட்டி எழும் கேப்பர் மலைக்கு மலை என்று பெயர்; உயரத்தில் அது ஒரு செம்மண் மேடுதான். இருந்தும், மலைக்காட்டு மண்ணில் ஈரமும் சத்தும் எப்படிக் கைகோத்து இயங்குகின்றன என்பதைக் கற்றுக்கொள்ள இந்த வட்டாரத்தில் அதைவிட வாய்ப்பான இடம் இல்லை என்பது என் கருத்து. மேடு, சரிவு, பள்ளம் ஆகிய மூன்றும் அங்கே நடந்து கடக்கும் தொலைவிலேயே அமைந்திருக்கின்றன. வடக்கே புதுச்சேரியை அடுத்த ஆரோவில் மேட்டிலும், புத்துப்பட்டு அய்யனார் கோயிலைச் சூழ்ந்த காப்புக்காட்டிலும் இதே வகைச் செம்மண்தான். அடியில் இருப்பது, நம் ஊரின் பெயராலேயே புவியியலாளர்கள் குறிப்பிடும் கடலூர் மணற்கல். திருவக்கரையில் கல்லாகிப்போன மரங்கள் புதைந்து கிடப்பதும் அதே மணற்கல்லில்தான்.

கல்வராயன் மலையிலிருந்து இறங்கும் கோமுகியும் மணிமுத்தாறும் வெள்ளாற்றில் கலந்து பரங்கிப்பேட்டையில் கடல் சேர்கின்றன. அந்த மலைச்சரிவுகளில் நடப்பதும் கேப்பர் மலையில் நடப்பதும் அடிப்படையில் ஒன்றே. வெப்பமும் சரிவின் கடுமையும் மட்டும் வேறு. நீலகிரியின் சோலைக்காடுகளில் குளிர் மிகுதி. ஈரம் ஆண்டின் பெரும்பகுதி நீடிக்கிறது. ஆகவே சருகு மெல்ல மட்கி, மண் கறுத்துக் கரிமம் (கார்பன்) செறிந்து நிற்கிறது. நம் செம்மண் மேட்டிலோ வெப்பத்துக்குக் குறைவே இல்லை. இங்கே சத்தின் ஓட்டத்தைத் திறப்பதும் மூடுவதும் ஈரம் ஒன்றுதான். அதிலும் மண்ணில் மொத்தம் எவ்வளவு நீர் இருக்கிறது என்பதைவிட, அது எப்போது வற்றுகிறது, எப்போது நனைகிறது, நனைந்த நிலை எத்தனை நாள் நீடிக்கிறது என்பவையே கூடுதலாகத் தீர்மானிக்கின்றன. கீழே வரும் படிகள் அனைத்தும் அந்த ஏற்ற இறக்கத்தைப் பிடிப்பதற்காகவே அமைக்கப்பட்டவை.

படி 1: இடத்தைத் தேர்ந்தெடுத்தல்

ஒரே சரிவில் மூன்று இடங்களைத் தேர்ந்துகொள்ளுங்கள்: மேட்டின் உச்சி, நடுச்சரிவு, அடிப்பள்ளம். ஒவ்வொன்றிலும் 10 மீட்டருக்கு 10 மீட்டர் அளவுள்ள ஒரு சதுரத்தைக் கயிறு கட்டிக் குறித்துக்கொண்டால் போதும். மூன்றிலும் மரவகை ஏறத்தாழ ஒன்றாக இருக்கவேண்டும். மேட்டில் முந்திரியும் பள்ளத்தில் நாவலுமாக இருந்தால், காணும் வேறுபாடு ஈரத்தால் வந்ததா இலையால் வந்ததா என்று பின்னர் பிரித்தறிய இயலாது.

காசா, வீரை, உலக்கைப்பாலை, கருங்காலி நிற்கும் பழைய கோயில்காடு ஒன்று அருகில் இருந்தால் அதை ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொள்வது பெரும் பயனைத் தரும். அங்கே சருகைக் கூட்டுவதில்லை, எரிப்பதில்லை. ஆகவே தொந்தரவு இல்லாத சுழற்சி எப்படி இருக்கும் என்பதற்கு அந்த மண்ணே சான்று. ஆனால் பூசாரியிடமும் ஊர்ப் பெரியவர்களிடமும் ஒப்புதல் பெறாமல் உள்ளே கடப்பாரையோடு போகக்கூடாது. சுள்ளி ஒடிப்பதையும் குற்றமாகக் கருதும் கட்டுப்பாட்டினால்தான் அந்தக் காடு இன்றைக்கு நிற்கிறது. வனத்துறைக் காப்புக்காடு எனில் எழுத்து வடிவில் அனுமதி வேண்டும்.

படி 2: கருவிகள்

மண் துளைப்பான், 5 செ.மீ. விட்டமும் 5 செ.மீ. உயரமும் உள்ள இரும்புக் குழல் ஒன்று, மூடியுள்ள அலுமினிய டப்பாக்கள், 0.1 கிராம் வரை காட்டும் எலக்ட்ரானிக் தராசு, 105 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் நிலைத்து நிற்கும் உலர்த்தும் அடுப்பு, மழைமானி, மண் வெப்பமானி, ஐஸ் பெட்டி, பாலித்தீன் உறைகள், நைலான் வலைத்துணி ஆகியவை தேவை. உலர்த்தும் அடுப்பை மட்டும் அருகிலுள்ள கல்லூரியில் கேட்டுப் பெறுவது நல்லது. மண்ணை வெயிலில் காயவைத்து ஈரத்தைக் கணக்கிட முடியாது. வெயிலில் காய்ந்த மண் காற்றின் ஈரத்தோடு சமநிலைக்கு வந்து நின்றுவிடும், முழுதும் வற்றாது. நம்மூர்க் கடற்காற்றில் அந்தப் பிழை இன்னும் பெரிதாகும்.

படி 3: மண்ணின் இயல்பை ஒருமுறை அறிதல்

தொடக்கத்தில் ஒருமுறை மட்டும் மூன்று அளவீடுகள் செய்யவேண்டும்.

முதலாவது பருமனடர்த்தி, அதாவது ஒரு கன செ.மீ. இடத்தில் அடங்கியிருக்கும் உலர் மண்ணின் எடை. இரும்புக் குழலை மண்ணில் நேராக அடித்து இறக்கி, சிதறாமல் எடுத்து, இரு முனைகளையும் கத்தியால் சமன்செய்து, உள்ளிருக்கும் மண்ணை 105 டிகிரியில் 24 மணி நேரம் உலர்த்தி எடைபோடுங்கள். மேலே சொன்ன அளவுள்ள குழலின் கொள்ளளவு 98 கன செ.மீ. உலர்ந்த மண் 147 கிராம் இருந்ததாக வைத்துக்கொண்டால், பருமனடர்த்தி கன செ.மீ.க்கு 1.5 கிராம் ஆகும். மண் துகளின் அடர்த்தி பொதுவாக 2.65 எனக் கொள்ளப்படுவதால், 1.5ஐ 2.65ஆல் வகுத்து ஒன்றிலிருந்து கழித்தால் 0.43 வரும். அதாவது அந்த மண்ணில் நூற்றுக்கு 43 பங்கு துளைவெளி. நீரும் காற்றும் போட்டியிட்டுக் குடியிருப்பது அந்த இடத்தில்தான். இந்த எண்ணைப் பத்திரமாகக் குறித்துவையுங்கள், பின்னால் வரும் கணக்கெல்லாம் இதன்மேல்தான் நிற்கிறது.

இரண்டாவது நயம், அதாவது மணலும் வண்டலும் களியும் கலந்திருக்கும் விகிதம். ஒரு கண்ணாடிப் புட்டியில் மூன்றில் ஒரு பங்கு மண்ணும் மீதி நீரும் சிறிது சலவைத்தூளும் இட்டு நன்கு குலுக்கி வைத்தால், மணல் ஒரு நிமிடத்திலும் வண்டல் சில மணி நேரத்திலும் படியும். களி படிய ஒரு நாளுக்கு மேலும் ஆகும். படிந்த அடுக்குகளின் உயரத்தை அளந்தால் தோராயமான விகிதம் கிடைக்கும்.

மூன்றாவது சொட்டுச் சோதனை. இது கோடையில் செய்யவேண்டியது. சருகை மெல்ல விலக்கி, காய்ந்த மண்ணின்மேல் ஒரு சொட்டு நீரை விட்டு, அது உள்ளே இறங்க எத்தனை நொடி ஆகிறது என்று பாருங்கள். ஐந்து நொடிக்கு மேல் முத்துப்போல நின்றால் அந்த மண் நீரை ஒட்டவிடாத நிலையை அடைந்திருக்கிறது என்று பொருள். மெழுகுப்பூச்சுள்ள இலைகள் மட்கிய மணல் கலந்த மண் மிகவும் காய்ந்துவிட்டால் இவ்வாறு ஆவதுண்டு. அப்படிப்பட்ட இடத்தில் கோடையின் முதல் மழை மண்ணுக்குள் போகாமல் சரிவில் வழிந்து, சருகையும் தன்னோடு அள்ளிக்கொண்டு ஓடும். பள்ளத்தில் சத்துச் சேர்வதற்கும் மேடு மெலிவதற்கும் இது ஒரு காரணம்.

படி 4: ஈரத்தை அளத்தல்

மழையில்லா நாட்களில் 15 நாளைக்கு ஒருமுறையும், மழை பெய்தால் மறுநாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள் என்றும் அளவெடுங்கள். நாட்குறிப்பு வைத்து ஒழுங்காக மாதமொருமுறை மட்டும் அளப்பவர்கள் உழைப்புக்கேற்ற பயனைப் பெறுவதில்லை. ஏனென்றால் நமக்கு வேண்டிய செய்தி மழைக்குப் பிந்தைய சில நாட்களில் நடந்து முடிந்துவிடுகிறது.

0 முதல் 10 செ.மீ., 10 முதல் 30 செ.மீ., 30 முதல் 60 செ.மீ. என மூன்று ஆழங்களில் மண் எடுக்கவேண்டும். சருகை மண்ணோடு கலக்காமல் தனியே ஒதுக்குங்கள். ஒவ்வொரு சதுரத்திலும் குறைந்தது ஐந்து இடங்களில் எடுத்துத் தனித்தனியாக எடை போடுவது நல்லது. மரத்தடியும் வெட்டவெளியும் ஒரே சதுரத்துக்குள்ளேயே பெரிதும் மாறுபடும். எடுத்த உடனே டப்பாவை மூடுங்கள்.

கணக்கு எளிது. ஈர மண் 112 கிராம், உலர்த்தியபின் 100 கிராம் எனில், வற்றிய நீர் 12 கிராம். உலர் மண்ணுக்கு நூற்றுக்கு 12 பங்கு ஈரம். அதைப் பருமனடர்த்தி 1.5ஆல் பெருக்கினால் கன அளவில் 18 விழுக்காடு வரும். கன அளவாக மாற்றிக்கொள்வதில் ஒரு வசதி இருக்கிறது: மழைமானியோடு நேராக ஒப்பிடலாம். மேல் 10 செ.மீ. மண்ணின் ஈரம் 6 விழுக்காட்டிலிருந்து 18 விழுக்காட்டுக்கு உயர்ந்தால், அந்த அடுக்கில் 12 மி.மீ. மழை தங்கியிருக்கிறது. மழைமானி 20 மி.மீ. காட்டியிருந்தால் மீதி எங்கே என்று கேளுங்கள். இலைகளும் சருகும் பிடித்துவைத்தது, சரிவில் ஓடியது, கீழ் அடுக்குக்கு இறங்கியது என்ற மூன்றில் ஒன்றாகவோ மூன்றுமாகவோ இருக்கும்.

மின்னணு உணரிகள் இப்போது மலிவாகக் கிடைக்கின்றன. அவற்றை வாங்குவதில் தவறில்லை. ஆனால் இரும்பு மிகுந்த நம் செம்மண்ணில் அவை காட்டும் எண்ணை, டப்பா எடையோடு ஒப்பிட்டுத் திருத்தாமல் நம்பாதீர்கள். மண் நீரை எவ்வளவு இறுக்கமாகப் பிடித்திருக்கிறது என்று காட்டும் டென்சியோமீட்டர் ஈரமான காலத்துக்கு ஏற்றது. மண் மேலும் காயும்போது, அந்த இறுக்கம் ஏறத்தாழ 80 கிலோபாஸ்கலைத் தாண்டியதும், அதன் களிமண் குப்பிக்குள் காற்றுப் புகுந்து அளவு நின்றுவிடும்.

படி 5: ஈரத்தை நுண்ணுயிரின் கண்ணால் பார்த்தல்

நுண்ணுயிருக்கு நீரும் வேண்டும், காற்றும் வேண்டும். ஆகவே துளைவெளியில் எத்தனை பங்கை நீர் நிரப்பியிருக்கிறது என்பதே பொருளுள்ள அளவு. கன அளவு ஈரத்தைத் துளைவெளியால் வகுத்தால் அது கிடைக்கும். மேற்சொன்ன மண்ணில் 18ஐ 43ஆல் வகுத்தால் ஏறத்தாழ 42 விழுக்காடு. எடையில் 17 விழுக்காடு ஈரம் இருக்கும் நாளில் 59 விழுக்காடு. 24 விழுக்காடு இருக்கும் நாளில் 84 விழுக்காடு.

லின், டோரன் என்ற இரு மண்ணியல் ஆய்வாளர்கள் 1984இல் வெளியிட்ட ஆய்வு, காற்று வேண்டும் நுண்ணுயிர்கள் 60 விழுக்காடு நிரம்பிய நிலையை ஒட்டி உச்ச வேகத்தில் இயங்குகின்றன என்று காட்டியது. அதற்குக் கீழே போகப்போக நீர்ப்படலம் மெலிந்து, உணவு நுண்ணுயிரைத் தேடி வருவது தடைப்படுகிறது. அதற்கு மேலே போகப்போக ஆக்சிஜன் உள்ளே நுழைய வழியின்றி, சில நுண்ணுயிர்கள் நைட்ரேட்டிலிருந்து ஆக்சிஜனைப் பிடுங்கிக்கொள்கின்றன. மரத்துக்குப் போகவேண்டிய தழைச்சத்து (நைட்ரஜன்) நைட்ரஸ் ஆக்சைடாகவும் நைட்ரஜன் வாயுவாகவும் காற்றில் கலந்துவிடுகிறது. எனவே உங்கள் ஏட்டில் ஒவ்வொரு நாளுக்கும் எதிரே இந்த விழுக்காட்டை எழுதி, 40க்குக் கீழ், 40 முதல் 70, 70க்கு மேல் என்று மூன்று வண்ணங்களில் குறித்துவையுங்கள். ஓராண்டு முடிவில் மேட்டுக்கும் பள்ளத்துக்கும் உள்ள வேறுபாடு அந்த வண்ணங்களிலேயே தெரியும்.

படி 6: சருகின் வரவும் மட்குதலும்

ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் சட்டத்தில் வலை கட்டி, தரையிலிருந்து அரை மீட்டர் உயரத்தில் நிறுத்துங்கள். சதுரத்துக்கு மூன்று போதும். விழும் சருகை 15 நாளைக்கு ஒருமுறையும் மழைக்காலத்தில் வாரம் ஒருமுறையும் எடுக்கவேண்டும். தாமதித்தால் வலையிலேயே மழைநீர் அதன் சாம்பல்சத்தான பொட்டாசியத்தைக் கழுவிக்கொண்டு போய்விடும். இலை, சுள்ளி, பூ, காய் எனப் பிரித்து, 70 டிகிரியில் உலர்த்தி எடையைக் குறியுங்கள்.

மட்கும் வேகத்தை அறிய, 20 செ.மீ. சதுர நைலான் பைகளில் காற்றில் உலர்ந்த சருகை 10 கிராம் வீதம் இட்டுத் தைத்து, தரையில் பரப்பி ஆணியால் நிறுத்துங்கள். ஒன்று, இரண்டு, மூன்று, ஆறு, ஒன்பது, பன்னிரண்டு மாதங்களில் எடுக்கத் தோதாக, ஒவ்வொரு தவணைக்கும் குறைந்தது நான்கு பைகள் வேண்டும். எடுத்த பையில் ஒட்டிய மண்ணைத் தூரிகையால் நீக்குங்கள், நீரில் கழுவவேண்டாம்.

பைகளைச் சித்திரையில் வைப்பதா ஐப்பசியில் வைப்பதா என்பது சிறு விஷயம் அன்று. சித்திரையில் வைத்த பை முதலில் வறட்சியையும், பிறகு ஆடி முதல் புரட்டாசி வரை மாலைகளில் வந்துபோகும் இடிமழையையும், அதன்பின் பருவமழையையும் காணும். ஐப்பசியில் வைத்த பையோ முதல் நாளிலிருந்தே நனைந்து கிடக்கும். இயன்றால் இரண்டு தொகுதிகளாக வையுங்கள். ஒரே இலை, ஒரே மண், வேறு ஈரம் என்ற ஒப்பீடு அதில்தான் கிடைக்கும்.

இலையின் இயல்பும் கணக்கில் வரும். இலையில் தழைச்சத்து ஒரு பங்குக்குக் கரிமம் ஏறத்தாழ 25, 30 பங்குக்கு மேல் இருந்தால், அதை மட்கவைக்கும் நுண்ணுயிர் தன் தேவைக்கு மண்ணிலுள்ள தழைச்சத்தையும் எடுத்து முடக்கிவிடும். மரத்துக்கு உடனே எதுவும் கிடைக்காது. முந்திரிச் சருகில் துவர்ப்பு மிகுதி, சவுக்கின் ஊசித்தழை கடினமானது. இரண்டும் மெல்லத்தான் மட்கும். சீமைக்கொன்றைத் தழை சில வாரங்களிலேயே கரைந்துவிடும். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரையைக் கடந்தபோது முந்திரியும் பலாவும் பச்சை இலையோடு தரையில் சாய்ந்தன. மரம் இயல்பாக உதிர்க்கும் இலையிலிருந்து சத்தின் ஒரு பகுதியை முன்னமே இழுத்துக்கொள்கிறது. புயல் பறித்த இலையில் அது முழுதாக இருக்கும். அவ்வளவு வளமான தழை மண்ணில் விழுந்தபோது பருவமழை முடியும் தறுவாய். தையும் மாசியும் காய்ந்தால் மேலடுக்கில் மட்குதலும் தடைப்படும். ஈரம் இல்லாத நேரத்தில் வந்த சத்து, வந்த இடத்திலேயே காத்துக் கிடக்கவேண்டியதுதான்.

கோடையில் நுண்ணுயிர் ஓய்ந்திருந்தாலும் கறையான் ஓய்வதில்லை. ஆழத்திலிருந்து ஈரமண்ணைக் கொண்டுவந்து சருகின்மேல் கூரை கட்டிக்கொண்டு அது உண்கிறது. பைக்குள் மண்பூச்சைக் கண்டால் பையைத் தூக்கி எறியாமல் அதைத் தனியே குறித்துவையுங்கள். வறண்ட காட்டின் சத்துச் சுழற்சியில் கறையானுக்குப் பெரும்பங்கு இருக்கிறது.

படி 7: தழைச்சத்து விடுபடும் அளவை அறிதல்

இங்கே ஒன்றைத் தெளிவுபடுத்தவேண்டும். மண் பரிசோதனை நிலையங்கள் வழக்கமாகத் தரும் "கிடைக்கும் தழைச்சத்து" என்ற எண், சுப்பையாவும் அசிஜாவும் 1956இல் வகுத்த காரப் பெர்மாங்கனேட் முறையில் பெறப்படுவது. மட்கிலிருந்து எளிதில் பிரியக்கூடிய தழைச்சத்தை அது மதிப்பிடுகிறது. பயிருக்கு உரம் பரிந்துரைக்க அது உதவும். ஆனால் மழைக்கு முன்னும் பின்னும் சில நாட்களில் மாறும் அம்மோனியத்தையும் நைட்ரேட்டையும் அது காட்டாது. நமக்கு வேண்டியவை அந்த இரண்டும்தான்.

அருகருகே இரண்டு மண் உருளைகளை எடுங்கள். ஒன்றை ஐஸ் பெட்டியில் வைத்து ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். மற்றொன்றை, உடைக்காமல், மெல்லிய பாலித்தீன் உறையிலிட்டுக் கட்டி, எடுத்த குழியிலேயே திரும்ப வைத்து மூடி, 30 நாள் கழித்து எடுங்கள். ஆய்வகத்தில் 10 கிராம் மண்ணை 50 மி.லி. பொட்டாசியம் குளோரைடு கரைசலில், 2 மோலார் செறிவில், ஒரு மணி நேரம் குலுக்கி வடித்து அம்மோனியத்தையும் நைட்ரேட்டையும் அளப்பார்கள். இரண்டாம் அளவிலிருந்து முதல் அளவைக் கழித்தால், வேர் உறிஞ்சாமலும் மழை கழுவாமலும் அந்த மாதத்தில் மண் விடுவித்த தழைச்சத்து தெரியும். விடை பூச்சியத்துக்குக் கீழாகவும் வரலாம். நுண்ணுயிர் முடக்கிக்கொண்டது என்று அதற்குப் பொருள். கிலோ மண்ணுக்கு 6 மில்லிகிராம் என்று வந்தால், 10 செ.மீ. ஆழத்துக்கு எக்டருக்கு 9 கிலோ: 6ஐ 1.5ஆலும் 10ஆலும் 0.1ஆலும் பெருக்கவேண்டும்.

இந்த முறையில் ஒரு குறை உண்டு. பாலித்தீன் உறை காற்றை ஓரளவு விடும், நீரை விடாது. ஆகவே உறைக்குள் ஈரம் முதல் நாள் இருந்தபடியே உறைந்து நிற்கும். வெளியே மண் நான்கு முறை நனைந்து காய்ந்திருக்க, உள்ளே எந்த மாற்றமும் இருக்காது. ஈரத்தின் ஏற்ற இறக்கத்தைப் படிக்க வந்தவர்கள் இதைப் புறக்கணிக்க முடியாது. எனவே ஒவ்வொரு உறைக்கும் அருகே, மேலே தளர்ந்த மூடியும் பக்கவாட்டில் துளைகளும் உள்ள பிவிசி குழாயில் இன்னோர் உருளையை வைத்து, இரண்டையும் ஒப்பிடுங்கள். மேலும், எடுத்த மண்ணை ஐஸ் பெட்டியில் வைத்து 24 மணி நேரத்துக்குள் கரைசலில் இடவேண்டும். வெப்பமான அறையில் ஓரிரவு கிடந்தாலும் அம்மோனியம் நைட்ரேட்டாக மாறத் தொடங்கிவிடும். தொடக்கத்தில் நான் இதைப் பொருட்படுத்தாமல் ஒரு கோடை முழுவதும் எடுத்த மாதிரிகளை வீணாக்கினேன். அந்தக் கோடை திரும்பி வரவில்லை.

ஆய்வக வசதி இல்லாத பள்ளிகளும் ஒதுங்க வேண்டியதில்லை. நைட்ரேட் மண்ணோடு ஒட்டாது என்பதால், வாலை வடிநீரில் மண்ணைக் குலுக்கித் தெளியவைத்து, குடிநீர்ச் சோதனைக்கு விற்கும் நைட்ரேட் தாளைத் தோய்த்தால் ஏற்ற இறக்கம் தெரியும். ஒரே அளவுள்ள வெள்ளைப் பருத்தித் துணித்துண்டுகளை மேட்டிலும் பள்ளத்திலும் புதைத்து ஒரு மாதம் கழித்து எடுத்துப் பார்ப்பதும் மாணவர்களுக்கு மண்ணின் உயிரைக் கண்முன் காட்டும்.

படி 8: முதல் மழையைப் பிடித்தல்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியை மட்டும் செய்ய நேரமிருக்கிறது என்பவர்கள் இதைச் செய்யுங்கள்.

மண் காயும்போது நுண்ணுயிர்களில் ஒரு பகுதி மடிகிறது. பிழைத்தவை, வற்றாமலிருக்கக் கரைபொருட்களைத் தம் உடலுக்குள் சேர்த்துக்கொள்கின்றன. மண் கட்டிகளும் சுருங்கி வெடிக்கின்றன. அந்த நிலையில் மழை பெய்து மண் திடீரென நனைந்தால், மடிந்தவற்றின் உடலும், பிழைத்தவை வெளியேற்றும் கரைபொருளும், கட்டிகள் உடைந்து வெளிப்பட்ட மட்கும் ஒரே நேரத்தில் உணவாகின்றன. சில மணி நேரத்திலேயே மண்ணின் மூச்சு எகிறுகிறது; சில நாட்களில் அம்மோனியமும் அதைத் தொடர்ந்து நைட்ரேட்டும் உயர்கின்றன. கிழக்கு ஆப்பிரிக்காவில் பணியாற்றிய மண்ணியல் ஆய்வாளர் பிர்ச் 1958இல் இதை விரிவாக எழுதியதால் இது அவர் பெயரால் வழங்குகிறது. ஒரு பலப் புழுதி கால் பலம் ஆகும்படி உணக்கினால் ஒரு பிடி எருவும் வேண்டாமல் பயிர் விளையும் என்று உழவு அதிகாரத்துக் குறள் சொல்வதை நாம் பள்ளியிலேயே படித்திருக்கிறோம். அந்தக் குறளுக்கும் இந்த வேதியலுக்கும் முழுப் பொருத்தம் சொல்ல நான் துணியமாட்டேன். ஆயினும் காய்ந்து நனையும் மண் சத்தை அவிழ்க்கிறது என்பதை நம் உழவர்கள் தம் நிலத்தில் கண்டிருந்தார்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை.

செய்முறை இதுதான். பங்குனி முடிவுக்குள் மூன்று சதுரங்களிலும் காய்ந்த மண்ணின் ஈரம், அம்மோனியம், நைட்ரேட் ஆகியவற்றை அளந்து வைத்துக்கொள்ளுங்கள். கோடை மழை 10 மி.மீ.க்கு மேல் பெய்த உடனே, பெய்த 6 மணி நேரத்துக்குள் ஒருமுறையும், பின் 1, 3, 7, 14 ஆம் நாட்களிலும் மண் எடுங்கள். மழைக்காகக் காத்திருக்க முடியாதவர்கள் ஒரு மீட்டர் சதுரத்தில் பூவாளியால் 15 லிட்டர் நீரை மெல்லத் தெளித்தால் அது 15 மி.மீ. மழைக்குச் சமம், கடினநீராகவும் உப்பு நீராகவும் இல்லாமல் பிடித்துவைத்த மழைநீராக இருப்பது நல்லது.

இந்த எழுச்சி ஒவ்வொரு நனைதலிலும் ஒரே அளவில் வராது. நெடுங்கோடைக்குப் பின் வரும் முதல் மழையில் மிகப் பெரிதாகவும், அடுத்தடுத்த மழைகளில் குறைந்தும் வரும். எளிதில் அவிழும் இருப்பு தீர்ந்துகொண்டே போவது அதற்குக் காரணம். நடுவே மண் எவ்வளவு ஆழமாகக் காய்கிறது என்பதும் முக்கியம். மரநிழலும் சருகுப் போர்வையும் உள்ள கோயில்காட்டில் மண் மெல்லக் காயும், எழுச்சி மிதமாக இருக்கும். திறந்து கிடக்கும் மேட்டில் எழுச்சி கூர்மையாக எழுந்து விரைவில் அடங்கும். கூர்மையான எழுச்சியைக் கண்டு மகிழ வேண்டாம். அந்நேரம் பிடித்துக்கொள்ள வேர் இல்லை என்றால் அது இழப்பின் தொடக்கம்.

படி 9: மணிச்சத்தும் சாம்பல்சத்தும்

மணிச்சத்தான பாஸ்பரசின் கதை வேறு. செம்மண்ணின் சிவப்புக்குக் காரணமான இரும்பு ஆக்சைடுகளே பாஸ்பேட்டை இறுகப் பிடித்துக்கொள்கின்றன. நீர்ப்படலத்தின் வழியே மெல்ல ஊர்ந்துதான் அது வேரை அடையவேண்டும். மண் காய்ந்தால் பாதை நீண்டு வளைந்து துண்டாகிவிடும். எனவே கோடையில் மண்ணில் மணிச்சத்து இருந்தும் மரத்துக்கு எட்டாது. வேரோடு இணைந்து வாழும் பூஞ்சை இழைகளே அந்த இடைவெளியைக் கடந்து கொண்டுவருகின்றன. மாறாக, பள்ளத்தில் நீர் பல நாள் தேங்கினால் இரும்பு தன் நிலை மாறிக் கரைந்து, பிடித்திருந்த பாஸ்பேட்டையும் விட்டுவிடும். ஆய்வகத்துக்கு அனுப்பும்போது மண்ணின் அமிலத்தன்மையைக் குறிப்பிடுங்கள்: மணிச்சத்தை அளக்க அமில மண்ணுக்கு ப்ரே முறையும் சுண்ணாம்பு மண்ணுக்கு ஓல்சன் முறையும் ஏற்றவை.

சாம்பல்சத்து இலையின் எந்தக் கட்டமைப்பிலும் பிணைந்திருப்பதில்லை. சருகு நனைந்தாலே கரைந்து இறங்கும். அதற்கு மட்குதலும் தேவையில்லை.

படி 10: பருவமழையில் இறங்குவதைக் கணக்கிடுதல்

நம் வட்டாரத்தின் ஆண்டு மழையில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையை ஒட்டிய வடகிழக்குப் பருவத்தில் வருகிறது. ஆடி முதல் புரட்டாசி வரை விட்டுவிட்டுப் பெய்த மழையில் மண்ணில் சேர்ந்திருக்கும் நைட்ரேட்டுக்கு இதுவே சோதனைக் காலம். நைட்ரேட் எதிர்மின் சுமை கொண்டது. அதே சுமையுள்ள களித்துகள் அதைப் பிடித்துவைப்பதில்லை. நீர் போகும் வழியே அதுவும் போகும். அம்மோனியம் அப்படி எளிதில் போகாது.

2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் ஏறத்தாழ 48 செ.மீ. மழை பெய்தது. நாம் மேலே கணக்கிட்ட மண்ணில் ஒரு மீட்டர் ஆழத்தின் மொத்தத் துளைவெளியே 43 செ.மீ. நீரைத்தான் கொள்ளும். முற்றிலும் வறண்ட மண்ணாக இருந்தாலும் அந்த ஒரு நாளின் மழை அதில் அடங்கியிராது. மேல் அடுக்கில் மிஞ்சியிருந்த நைட்ரேட்டின் கதியை இதிலிருந்து உணரலாம்.

இதை அளக்க, புரட்டாசி முடிவில் ஒருமுறையும் மார்கழித் தொடக்கத்தில் ஒருமுறையும் மூன்று ஆழங்களிலும் நைட்ரேட்டைப் பாருங்கள். மேலடுக்கில் குறைந்து 30 முதல் 60 செ.மீ. அடுக்கில் கூடியிருந்தால் சத்து இறங்கியிருக்கிறது, ஆனால் ஆழமாக வேர்விடும் மரம் இன்னும் அதை எட்டும். எல்லா அடுக்கிலும் குறைந்திருந்தால் மரம் உறிஞ்சியதா கழுவப்பட்டதா என்று பிரிக்க வேண்டும். மரமும் வேரும் அகற்றிய சிறு திட்டு ஒன்றை ஒப்பீட்டுக்கு வைத்திருப்பது அப்போது உதவும். பள்ளத்தில் குறைந்திருந்தால், உங்கள் ஏட்டில் 70 விழுக்காட்டுக்கு மேல் வண்ணமிட்ட நாட்களை எண்ணுங்கள். அவை மிகுதி எனில், தரைக்குள் இறங்கியதைப் போலவே காற்றில் போனதும் கணிசமாக இருந்திருக்கும்.

படி 11: அளந்ததைக் கொண்டு முடிவெடுத்தல்

ஒரு நீண்ட தாளில் சித்திரை முதல் பங்குனி வரை கோடிட்டு, மேலே மழை, அதன்கீழ் துளைவெளி நிரம்பிய விழுக்காடு, அதன்கீழ் நைட்ரேட், அடியில் சருகுப் பையின் எஞ்சிய எடை என நான்கு வரிகளை ஒன்றன்கீழ் ஒன்றாக வரையுங்கள். எண்களைத் தனித்தனி அட்டவணைகளில் வைத்திருப்பவர்கள் காணாததை இந்த ஒரு தாளில் காண்பீர்கள்.

நைட்ரேட் உயரும் நாளும் வேர்கள் விழித்திருக்கும் நாளும் ஒன்றிவருகின்றனவா என்பதே முதலில் பார்க்கவேண்டியது. ஒன்றிவரவில்லை எனில் மண்ணைத் திறந்து போடாமல், தரையில் ஏதேனும் பசுமை இருக்கும்படி செய்யவேண்டும். கோடை மழையில் தானே முளைக்கும் பூண்டுகளும் அவசரப்பட்டுக் களையப்படாமல் இருந்தால் அந்தச் சத்தைப் பிடித்துவைத்து, பின்னர் மட்கித் திருப்பித் தரும். சொட்டுச் சோதனையில் மேட்டு மண் நீரை ஒட்டவிடவில்லை எனில், சரிவுக்குக் குறுக்கே சிறு வரப்புகளை இட்டுச் சருகை அங்கேயே நிறுத்துங்கள். ஆரோவில் மேட்டில் 1968க்குப் பின் காடு வளர்த்தவர்களும் முதலில் வரப்பிட்டு மழையை நிறுத்தியபின்தான் மரங்களை நிலைக்கச் செய்தார்கள்.

முந்திரித் தோப்புக்காரர்களிடம் ஒரு வேண்டுகோள். கொட்டை பொறுக்க வசதியாக மாசி, பங்குனியில் சருகைக் கூட்டவேண்டியிருக்கிறது, அது புரிகிறது. கூட்டியதை எரிக்கவேண்டாம். எரித்தால் தழைச்சத்தில் பெரும்பகுதி புகையாகிவிடும். சாம்பலில் மிஞ்சும் சாம்பல்சத்தும் சுண்ணாம்புச்சத்தும் முதல் மழையிலேயே சரிவில் ஓடும். மரத்திலிருந்து சற்றுத் தள்ளி, கிளைநிழலின் விளிம்பை ஒட்டி வட்டமாக ஒதுக்கிவைத்து, அறுவடை முடிந்ததும் மீண்டும் பரப்புங்கள். அடுத்த ஆண்டு அதே மரத்தடியில் சருகு பரப்பிய பாதியிலும் பரப்பாத பாதியிலும் தனித்தனியே மண் எடுத்து, முதல் மழைக்குப் பின் ஏழாம் நாள் ஈரத்தையும் நைட்ரேட்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.